இருவர் மட்டும் இருந்த வட்டம்

குழந்தைவேலு மோட்டர் வள்ளத்தை இறங்குதுறையில் மோதிய நாளில் கடலில் அலையென்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. சோளகக் காற்று ஓய்ந்து தண்ணீர் அசையாமல் கிடந்த புரட்டாதி மாதத்துக் காலை. அதனால் காற்றின்மீது பழியைப் போடவும் அவருக்கு வழி இருக்கவில்லை. 1970ஆம் ஆண்டு அது. நெடுந்தீவுக்கும் வெளியூருக்கும் இடையில் பதினேழு வருடங்களாக வள்ளம் ஓட்டியவர். மழை கண்ணை மறைக்கிற நாளிலும் பாறை எங்கே, மணல்திட்டி எங்கே என்று பிசகாமல் சொல்லக்கூடிய ஓட்டி என்று பெயர் எடுத்தவர். அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே அவருடைய வயிற்றில் அரைப் போத்தில் சாராயம் இருந்தது. துறையை நெருங்கும்போது இயந்திரத்தைத் தணிக்க வேண்டிய இடத்தில் முடுக்கிவிட்டார். இறங்குவதற்காக ஒரு காலை வெளியே நீட்டியிருந்த தில்லைநாதன் மாஸ்ரரின் பாதம் வள்ளத்துக்கும் கல்லுக்கும் இடையில் அகப்பட்டது.

மாஸ்ரருக்கு இரண்டு விரல்கள் போயின.

மூன்று கிழமை கழித்து மாஸ்ரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே குழந்தைவேலுவின் வீட்டுக்குத்தான் போனார். குழந்தைவேலு எழுந்து நின்றார். அவருடைய மனைவி ஆச்சிமுத்து கதிரையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் குசினி வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"நான் பொலிசுக்குப் போகேல்லை," என்றார் மாஸ்ரர். "போகவும் மாட்டன். ஆனால் நீர் ஊர்காவற்றுறைக்குப் போகவேணும். பஸ்ரியாம்பிள்ளைச் சுவாமியின்ர மடத்தில தொண்ணூறு நாள் இருக்கவேணும். நான் கதைச்சு வைச்சிருக்கிறன்."

"அது வேதக்காரற்ற இடமெல்லே மாஸ்ரர்."

"உம்மை வேதத்துக்கு மாத்த அங்கை ஆரும் இல்லை. குடியை மாத்தத்தான் இருக்கினம். அடுத்த முறை ஒரு பிள்ளை காலை நீட்டிக்கொண்டு நிக்கும், குழந்தைவேலு. அதை யோசியும்."

குழந்தைவேலு குனிந்து மாஸ்ரரின் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். பிறகு "ஓம்" என்றார். குசினி வாசலில் ஆச்சிமுத்து முந்தானையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. ஆறுதலில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மடம் முன்பு புகையிலைக் கிடங்காக இருந்த கட்டடம். சுவர்களில் வெள்ளையடித்து மூன்று வருடமாகியும் மழை பெய்தால் புகையிலை மணக்கும். அறுபத்தேழில் கத்தோலிக்கக் குருவான பஸ்ரியாம்பிள்ளைச் சுவாமி அதைக் கேட்டு வாங்கி, தீவுகளில் குடியால் கெட்டுப்போன ஆண்களை வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார். ஊரில் அதற்கு 'வெறிகாரர் மடம்' என்று பெயர். வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'ஆண்கள் மட்டும்' என்று எழுதியிருந்தது. அதற்குச் சுவாமியிடம் ஒரு காரணம் இருந்தது. பெண்கள் நடமாடுகிற இடத்தில் ஆண் வாய் திறக்க மாட்டான், வீறாப்புத்தான் பேசுவான் என்று அவர் நம்பினார். சமைப்பதும் கூட்டுவதும்கூட அங்கே ஆண்கள்தான்.

குழந்தைவேலுவைக் கொண்டுபோய் விட ஆச்சிமுத்துவும் வந்திருந்தாள். இரண்டு வேட்டியும் ஒரு போத்தில் நல்லெண்ணெயும் ஓலைப் பையில் வைத்துக் கொடுத்தாள். அவர் உள்ளே போகத் திரும்பியபோது அவள் சுவாமியிடம் ஓரடி முன்னால் வந்தாள்.

"சுவாமி, உங்களோட ஒரு கதை கதைக்கவேணும்."

"இப்ப வேண்டாம், பிள்ளை. முறைப்பாடெல்லாம் தொண்ணூறு நாள் கழிச்சுக் கேட்பம். அதுவரைக்கும் இவரை மறந்திட்டு நிம்மதியாய் இரும்."

"முறைப்பாடில்லை..." என்று தொடங்கியவள் பலகையைப் பார்த்தாள். "சரி சுவாமி" என்று சொல்லிவிட்டு, வெயிலில் துறையை நோக்கி நடந்தாள். அவள் என்ன கேட்க வந்தாள் என்று குழந்தைவேலு அப்போது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவருடைய கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

முதல் ஐந்து நாட்களைப் பற்றி அவர் பின்னாளில் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. உயரத்தில் சன்னல் வைத்த ஓர் அறை. வியர்வையில் பாய் ஊறியது. கால்மாட்டில் நண்டுகள் ஏறுவதாகக் கத்தினார். மல்லித் தண்ணீரும் கஞ்சியும் வாயில் ஊற்றினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி டொக்ரர் புதன்கிழமை வந்து ஊசி போட்டார். முன்பு குடித்து இப்போது விட்டவர்கள் இருவர் முறை வைத்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆறாம் நாள் காலை கண் விழித்தபோது பசித்தது. பசி என்றால் என்ன என்பதை அவர் மறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

அதன்பிறகு காலையில் தோட்ட வேலை, மதிலுக்குக் கல் அடுக்குதல். பின்னேரம் நான்கு மணிக்கு வட்டம். பதினைந்து ஆண்கள் நிலத்தில் வட்டமாக இருப்பார்கள். ஒவ்வொருவரும் தான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு விதிதான். தன்னுடையதை மட்டும் சொல்லலாம். மனைவி இப்படி, தகப்பன் அப்படி என்று மற்றவர் கதை எடுத்தால் சுவாமி கையை உயர்த்துவார். நிறுத்திவிட வேண்டும்.

குழந்தைவேலுவுக்கு வாய் திறக்க இருபது நாள் பிடித்தது.

"நான் ஒருநாள் வெறும் போத்திலுக்காக மனுசிக்கு அடிச்சனான்," என்றார். "காலமை குடிக்கவெண்டு மிச்சம் வைச்சிருந்தனான். எழும்பிப் பார்த்தால் போத்தில் வெறுமை. நிலத்தில ஊத்திப்போட்டா. அவவின்ர காது கிழிஞ்சு தோடு கழண்டு விழுந்தது. அதைக்கூட நான் எடுத்துக் குடுக்கேல்லை. பொம்பிளைப் பிள்ளை ஒண்டு பார்த்துக்கொண்டு நிண்டது. என்ர பிள்ளை."

அதைச் சொல்லிவிட்டு அவர் அழுத அழுகையை அந்தக் கிடங்கில் இருந்தவர்கள் வெகுகாலம் நினைவில் வைத்திருந்தார்கள். யாரும் தேற்ற வரவில்லை. பக்கத்தில் இருந்த அனலைதீவுக்காரர் மட்டும் தன் தோள் சால்வையை எடுத்து அவருடைய மடியில் போட்டார். பெண்கள் இருந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன், அழுதிருக்கவும் மாட்டேன் என்று அன்றைக்குக் குழந்தைவேலு நினைத்தார். சுவாமியின் பலகை சரியென்றே அவருக்குப் பட்டது.

நாற்பத்தைந்தாம் நாள் வீட்டார் வந்து பார்க்கலாம். வாசலுக்கு வெளியே ஒரு கொட்டிலில் இரண்டு வாங்குகள் போட்டிருந்தார்கள். ஆச்சிமுத்து வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். வாய் நிறைய வெற்றிலை. கராம்பு மணத்தது.

"எப்பிடி இருக்கிறீர்?"

"நல்லாய் இருக்கிறன். நீங்கள்தான் நிறம் மாறி இளம்பெடியன் மாதிரி இருக்கிறியள்."

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அவர் பேசத் தொடங்கினார். பசி திரும்பி வந்ததையும், கை நடுக்கம் நின்றதையும், நாற்பதடி மதில் கட்டியதையும், தான் வட்டத்தில் அழுததையும் சொன்னார். அவளிடம் மன்னிப்பும் கேட்டார். ஒரு மணித்தியாலம் அவர் ஓயவில்லை. அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தபோது எழுந்து, "இனி நீங்கள் குடிக்கமாட்டியள், என்ன?" என்று கேட்டாள்.

"மாட்டன்."

"அப்ப சரி," என்றாள். அவளுடைய குரலில் இருந்தது சந்தோசம்தான். ஆனால் அதற்குள் ஏதோ பயமும் இருந்ததை அவர் பின்னாளில்தான் நினைத்துப் பார்த்தார். அந்த ஒரு மணித்தியாலத்தில் 'எப்பிடி இருக்கிறீர்' என்பதைத் தவிர அவர் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

தை மாதம் பிறந்து ஐந்தாம் நாள் குழந்தைவேலு வீட்டுக்கு வந்தார். இறங்குதுறையில் மாஸ்ரர் கைத்தடியோடு நின்று அவரைக் கட்டிப்பிடித்தார். ஊரில் சிலர் சிரித்தார்கள், சிலர் எத்தனை நாளைக்கென்று பார்ப்போம் என்றார்கள். வள்ளத்தின் சொந்தக்காரர் அவரை மறுபடியும் வேலைக்கு எடுத்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் தொடங்கியது.

வந்து எட்டாம் நாள் காலை ஆச்சிமுத்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பை தட்டில் மோதி மோதிச் சத்தம் போட்டது. அவர் கோப்பையைப் பார்க்கவில்லை. அவளுடைய விரல்களைப் பார்த்தார். அந்த நடுக்கத்தை அவர் தன் கையிலும் இன்னும் பதினான்கு பேருடைய கையிலும் பார்த்திருக்கிறார். காய்ச்சலில் நடுங்குவது வேறு, பசியில் நடுங்குவது வேறு. இது எந்த நடுக்கமென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"ஆச்சிமுத்து," என்றார். "எப்ப தொடக்கம்?"

அவள் என்ன என்று கேட்கவில்லை. தட்டை நிலத்தில் வைத்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டாள். பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய், மதிலில் பவளப்பாறைக் கல் ஒன்றை அசைத்து எடுத்து, உள்ளே கையை விட்டு, கள்ளமாய்க் காய்ச்சிய, முக்கால்வாசி குறைந்த கசிப்புப் போத்தில் ஒன்றைக் கொண்டுவந்து அவருடைய முன்னால் வைத்தாள்.

"நீங்கள் அடிச்ச பிறகு நிலத்தில ஊத்தப் பயமாய் இருந்தது," என்றாள். "தண்ணி கலந்து பார்த்தன். கண்டுபிடிச்சிட்டியள். அதுக்கும் அடிச்சியள். பேந்து ஒருநாள் என்ன செய்யிறதெண்டு தெரியாமல், மிச்சத்தை நான்தான் குடிச்சிட்டன் எண்டு சொன்னன். நீங்கள் சிரிச்சியள். ஞாபகம் இருக்கோ? 'என்ர மனுசி கெட்டிக்காரி' எண்டு சொல்லிச் சிரிச்சியள். அடிக்கேல்லை."

அவருக்கு ஞாபகம் இருந்தது.

"அண்டைக்குப் பொய்தான் சொன்னனான். அடுத்தநாள் உண்மையாய்க் குடிச்சன். நீங்கள் குடிக்கிற அளவு குறையுமெண்டு நினைச்சன். நான் ஒரு மிடறு குடிச்சால் உங்களுக்கு ஒரு மிடறு குறைவுதானே. கைச்சது, சத்தி எடுத்தன். போகப்போகக் கைக்கேல்லை." அவள் போத்திலைக் கையால் தொட்டாள். "அது எட்டு வருசம். நீங்கள் மடத்துக்குப் போன பிறகு பொய் சொல்லக்கூட ஆள் இல்லாமல் போச்சு. அப்பதான் எனக்கே விளங்கினது, நான் உங்களுக்காகக் குடிக்கேல்லையெண்டு."

"அண்டைக்குச் சுவாமியிட்டை என்ன கேக்க வந்தனீர்?"

"எனக்கும் ஒரு மருந்து இருக்குதோ எண்டு."

குழந்தைவேலு அடுத்த நாளே ஊர்காவற்றுறைக்குப் போனார். சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சுவாமி கடைசிவரை கேட்டார். அவர் கெட்ட மனிதரல்ல. அவருடைய கண் கலங்கியதைக் குழந்தைவேலு பார்த்தார்.

"நான் என்ன செய்யிறது, குழந்தைவேலு? இஞ்சை பதினாறு ஆம்பிளையள் படுக்கிறாங்கள். ஒரு பொம்பிளையை எங்கை வைக்கிறது? வைச்சால் நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்? அவவுக்குத்தான் கெட்ட பெயர் வரும்."

"தோட்டத்துப் பக்கம் ஒரு கொட்டில் போட்டுத் தாறன் சுவாமி. நானே கூட இருந்து பார்க்கிறன்."

"ஏலாது. இந்த மடம் நிக்கிறதே மேலிடத்துக்குப் பாதி விருப்பமில்லை. கன்னியாஸ்திரிமாரிட்டைக் கேட்டுப் பார்க்கிறன்."

கேட்டார். குடிக்கிற பெண்ணை வைத்திருக்கத் தங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பட்டினத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது, மனநோயாளர் விடுதியில் வேண்டுமென்றால் போடலாம் என்றார்கள். ஆச்சிமுத்து அதற்கு மாட்டேன் என்றாள். "எனக்கு விசரெண்டு எழுதிப்போடுவினம். பேந்து பிள்ளையைக் கட்டின இடத்தில என்ன சொல்லுவினம்?"

பிள்ளை என்றால் சரோஜினிதேவி. ஒரே மகள். புங்குடுதீவில் இறுப்பிட்டிக்குக் கலியாணம் செய்து போயிருந்தாள். குழந்தைவேலு அவளிடம் போய்ச் சொன்னபோது அவள் அழவுமில்லை, திகைக்கவுமில்லை.

"எனக்குத் தெரியும் அப்பு. பள்ளிக்கூடத்தால வந்து அம்மாவின்ர வாயை மணந்து பார்க்கிறனான். நான் ஆருக்குச் சொல்லுறது? உங்களுக்கோ?"



கடைசியில் பங்குனி மாதம், குழந்தைவேலு பத்து நாள் வேலைக்குப் போகாமல் மனைவிக்குத் தானே வைத்தியம் பார்த்தார். மடத்தில் தனக்குச் செய்ததையெல்லாம் அவளுக்குச் செய்தார். மல்லித் தண்ணீர், கஞ்சி, நனைத்த துணி. மூன்றாம் நாள் அவளுக்கு வலிப்பு வந்து பல் கிட்டியது. அவர் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அம்மன் பெயரையும் தனக்குத் தெரிந்த வேதக்காரச் சாமிகளின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு கையைப் பிடித்தபடி இருந்தார். மாஸ்ரர் வாசலில் காவல் இருந்து, வந்தவர்களிடம் ஆச்சிமுத்துவுக்கு அம்மை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ஏழாம் நாள் அவள் எழுந்திருந்து, புட்டுக்கு மா குழைக்கட்டுமா என்று கேட்டாள்.

குழந்தைவேலு முற்றத்துக்குப் போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார்.

உடம்பு தேறிவிட்டது. இனி வட்டம். அவருக்கு அதுதான் மருந்து என்று தெரியும். தினமும் பின்னேரம் வள்ளத்தால் வந்து குளித்துவிட்டு, முற்றத்தில் அவளுக்கு எதிரே நிலத்தில் இருப்பார்.

"நீர் செய்ததைச் சொல்லும். உம்மடதை மட்டும்."

அவள் யோசிப்பாள். "இண்டைக்கு ஆட்டுக்குக் குழை வெட்டினன்" என்பாள்.

"அதில்லை. குடியில செய்தது."

"குடியில நான் என்ன செய்தனான்? ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. வள்ளத்தை மோதேல்லை. குடிச்சிட்டுச் சமைச்சன், குடிச்சிட்டு மாடு கட்டினன். என்னைப் பற்றிச் சொல்லவெண்டால் உங்களைப் பற்றியெல்லே முதல் சொல்லவேணும். அது விதியில இல்லையே."

சுவாமியின் விதி பதினைந்து ஆண்களுக்குப் பொருந்தியது போல இவளுக்குப் பொருந்தவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஆனால் வேறு விதி ஒன்றும் அவர் கற்றிருக்கவில்லை. அந்த வட்டத்தில் அவர்கள் இருவர் மட்டும்தான். சிலநாள் அவள் ஒன்றும் சொல்லாமல் அவருடைய முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருப்பாள். அதுவும் நல்லாய்த்தான் இருக்கும்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, என்னை மாதிரி இன்னொருத்தி இந்தத் தீவுகளில எங்கையாவது இருப்பாளோ?"

"இருப்பா."

"தேடித் தாங்கோவன். ஒரே ஒருத்தி காணும். நான் அவளோட கதைக்கிறன்."

குழந்தைவேலு தேடினார். வள்ளத்தில் வருகிறவர்களிடம் சுற்றிவளைத்துக் கேட்டார். மடத்தில் கூட இருந்த ஆண்களிடம் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில்தான். எங்கள் ஊரில் அப்படிப் பெண்கள் இல்லை. அனலைதீவுக்காரர் மட்டும், "ஏன் கேக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குமேல் கேட்கக் குழந்தைவேலுவுக்குத் துணிவு வரவில்லை. தன் மனைவிதான் என்று சொன்னால் அவர் பேசியிருப்பாரோ என்னவோ. ஆனால் சொல்லவில்லை. அவளுடைய மானம் என்று நினைத்தார். தன்னுடைய மானமும்தான்.

எட்டு மாதம் ஆச்சிமுத்து குடிக்கவில்லை. காது கிழிந்த இடத்தை நகை செய்கிற பத்தரிடம் தைத்துத் தோடு போட்டுக்கொண்டாள். இறுப்பிட்டிக்குப் போய்ப் பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். சரோஜினிதேவி அவளுடைய வாயை மணந்து பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் மடத்தின் ஆண்டுவிழா வந்தது. குழந்தைவேலு வந்து பேச வேண்டும் என்று சுவாமி ஆள் அனுப்பினார். புதிதாக வந்த ஆண்களுக்கு முன்னால், மீண்டுவந்த ஒருவர் எழுந்து சொல்வது அங்கே வழக்கம். மூன்று நாள் தங்க வேண்டும்.

"போட்டு வாங்கோ," என்றாள் ஆச்சிமுத்து. "நீங்கள் சொன்னால் நாலு பேர் திருந்துவினம்."

"பிள்ளையை வந்து நிக்கச் சொல்லியிருக்கிறன். நாளைக்கு வருவா."

"நான் என்ன குழந்தைப்பிள்ளையோ?" சிரித்தாள். அவருடைய சால்வையை மடித்துக் கொடுத்துவிட்டு, "என்னைப் பற்றியும் சொல்லுவியளோ?" என்று கேட்டாள்.

"சீ, சொல்லமாட்டன். அப்பிடி விதியெல்லே."

"ஓம், விதிதானே," என்றாள்.

அந்தச் சொல்லில் ஆறுதல் இருந்ததா, இல்லை சொல்லவேண்டும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாளா என்பது குழந்தைவேலுவுக்குச் சாகும்வரை தெரியவில்லை.

விழா நன்றாக நடந்தது. குழந்தைவேலு இருபது நிமிடம் பேசினார். தோடு விழுந்த கதையைச் சொன்னார். மாஸ்ரரின் விரல்களைப் பற்றிச் சொன்னார். முடிவில் சுவாமி சைகை காட்டியதால் வீட்டைப் பற்றியும் ஒரு வசனம் சேர்த்தார்: "என்ர மனுசி பொறுமையாய் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தவ." எல்லோரும் கை தட்டினார்கள். அது பொய் என்று அவருக்கு நாக்கிலேயே தெரிந்தது.

அன்று மத்தியானம் வாடை எழும்பியது. கடல் கறுத்து, தீவுகளுக்குப் போகிற வள்ளமெல்லாம் நின்றுபோயிற்று. சரோஜினிதேவி வெளிக்கிட்டுத் துறைவரை வந்து, போக முடியாமல் திரும்பியிருந்தாள். குழந்தைவேலு ஒவ்வொரு நாளும் விடிந்ததும் கடற்கரைக்குப் போய் நின்றார். அவ்வளவு காலம் ஓட்டிய ஓட்டி அவர். கடலைப் பார்த்ததும், இதில் இறங்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது. ஐந்தாம் நாள்தான் முதல் வள்ளம் போனது. அதை அவரே ஓட்டிக்கொண்டு போனார்.

துறையில் மாஸ்ரர் நின்றார். கைத்தடியில்லாமல், யாரோ ஒருவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிலேயே குழந்தைவேலுவுக்கு விளங்கிவிட்டது.

"முந்தநாள்," என்றார் மாஸ்ரர். "வைச்சிருக்க ஏலேல்லை, குழந்தைவேலு. மழை. அவவின்ர தமையன்ர மகன் கொள்ளி வைச்சவன்."

வீட்டுக்குப் போகிற வழியில் மாஸ்ரர் மிச்சத்தையும் சொன்னார். காற்றுத் தொடங்கிய இரண்டாம் நாள் ஆச்சிமுத்துவை வெளியே காணவில்லை என்று மாஸ்ரரின் மனைவி போய்ப் பார்த்திருக்கிறாள். குசினியில் கிடந்தாளாம். கண் தெரியவில்லை என்று சொன்னாளாம். யாரோ புதிதாகக் காய்ச்சிய கசிப்பு, அதில் என்ன கலந்ததோ. கடல் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. மறுநாள் போய்விட்டாள்.

"போத்திலை நான் எடுத்துக் கடலுக்குள்ள எறிஞ்சிட்டன். காய்ச்சலெண்டுதான் ஊருக்குச் சொன்னது. ஒருத்தரும் அறியாயினம். நீர் அதுக்குப் பயப்படவேண்டாம்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். குழந்தைவேலு அவரைப் பார்த்து, "ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டார்.

"உம்மைக் கேட்டவ. வள்ளம் வந்திட்டுதோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தவவாம்."

சுடலையில் மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. எந்த இடம் என்று மாஸ்ரர் கையைக் காட்ட வேண்டியிருந்தது.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு குழந்தைவேலு மடத்துக்குப் போய், கேட்காமலே நான்கு மணி வட்டத்தில் போய் இருந்தார். முறை வந்ததும் பேசினார்.

"என்ர மனுசி குடிச்சவ."

சுவாமி கையை உயர்த்தினார்.

"கையைக் கீழை விடுங்கோ சுவாமி. நான் என்ர செய்கையைத்தான் சொல்லுறன். நான் அடிக்காமல் இருக்கவேணுமெண்டு அவ குடிக்கத் தொடங்கினவ. நான் திருந்த இஞ்சை ஒரு இடம் இருந்தது. அவவுக்கு இந்தத் தீவு எல்லாத்திலயும் ஒரு பாயளவு இடம் கிடைக்கேல்லை. நான் இந்த மேடையில நிண்டு அவ காத்திருந்தவ எண்டு பொய் சொன்னனான். நான் கேக்கிறது ஒண்டுதான். இஞ்சை வாற ஒவ்வொருத்தனிட்டையும், வீட்டில வேற ஆர் குடிக்கினமெண்டு கேளுங்கோ. கொண்டுவந்து விடுகிற பொம்பிளை ஏதும் கதைக்கவேணுமெண்டால், அப்பவே கேளுங்கோ."

சுவாமியின் கை கீழே இறங்கியது. அவர் அன்று இரவுச் செபத்துக்கு வரவில்லை என்றும், தன் அறையில் முழங்காலில் இருந்தார் என்றும் சொன்னார்கள்.

பலகையை எடுக்கச் சுவாமியால் முடியவில்லை. ஆனால் வருகிறவர்களைப் பதிகிற கொப்பியில் அந்தக் கேள்வி ஏறியது. குழந்தைவேலு வள்ளத்தை விட்டுவிட்டு மடத்திலேயே தங்கினார். முதல் ஐந்து நாள் அறையில் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருடைய வேலையானது. சனிக்கிழமைகளில், உள்ளே இருக்கிற ஆண்களின் வீடுகளுக்குப் போவார். வேலிப் படலையடியில் நின்று, புருசன் சுகமாய் இருக்கிறார் என்று சொல்வார். பிறகு, "நீர் எப்பிடி இருக்கிறீர்?" என்று கேட்டுவிட்டுப் போகாமல் நிற்பார். பெரும்பாலும் "நல்லாய் இருக்கிறன்" என்ற பதில்தான் வரும். ஓர் ஆணிடம் அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

அதற்காகத்தான் தன்னோடு வரும்படி மகளைக் கேட்டார். முதல் தடவை சரோஜினிதேவி வாசலிலேயே மறித்தாள். "அம்மாவுக்குச் செய்யாததை நான் ஆருக்கும் செய்யமாட்டன்." இரண்டு வருடம் கழித்துக் கேட்டபோதும் அதையே சொன்னாள். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

எழுபத்தெட்டில் அனலைதீவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அன்றைக்குச் சால்வையைத் தந்த அந்த மனிதர் இறந்துபோயிருந்தார். அவருடைய மனைவி மனோகரி வீட்டுக் கதவைத் திறப்பதில்லை என்று அயலார் சொன்னார்கள். குழந்தைவேலு போய்ப் படலையில் நின்றார். கதவு திறக்கவில்லை. உள்ளே ஒரு கோப்பை தட்டில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் நேரே இறுப்பிட்டிக்குப் போய், மகளிடம் அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் சொன்னார். சரோஜினிதேவி பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அவரோடு வெளிக்கிட்டாள்.

அனலைதீவில் அவள் கதவருகே போய், "அக்கா, நான் உள்ளுக்கு வரட்டோ? என்ர அம்மாவும் குடிச்சவ," என்றாள். முதன்முதலாக அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னதைக் குழந்தைவேலு படலைக்கு வெளியே நின்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

அவர் பூவரச நிழலில் இரண்டு மணித்தியாலம் இருந்தார். உள்ளே இரண்டு பெண்களின் குரல் கேட்டது. ஒரு தடவை யாரோ அழுதார்கள். யாரென்று தெரியவில்லை. மகள் வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வள்ளத்தில் ஏறிய பிறகு, "அடுத்த சனியும் வரவேணுமாம்," என்றாள். வெகுதூரம் வந்தபிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "அப்பு, அம்மாட்டை இப்பிடி ஒருத்தி வந்து இருந்திருந்தால்?" என்று கேட்டாள்.

குழந்தைவேலு தன் சால்வையை எடுத்து மகளின் தோளில் போட்டார்.

மனோகரி ஒரு வருடம் குடிக்காமல் இருந்தாள். பிறகு குடித்தாள். பிறகு மறுபடி விட்டாள். சரோஜினிதேவி ஒவ்வொரு சனியும் போனாள். அதற்குப் பின்னர் வேறு இரண்டு வீடுகளுக்கும் போனாள். அவர்கள் பெயர்களைத் தகப்பனிடம்கூடச் சொன்னதில்லை.

எண்பத்திரண்டில், மாசி மாதம், புதிதாக வந்த ஒரு வேலணைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த உயரச் சன்னல் அறையில் இருந்தபோது குழந்தைவேலுவுக்கு நெஞ்சு வலித்தது. ஆளை மாற்றிவிட யாரையாவது கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். இவன் நித்திரையாகட்டும் என்று சொல்லிவிட்டு, அங்கேயே இருந்தபடி போய்விட்டாராம். பதினொரு வருடத்துக்கு மேலாக அவர் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. மடத்தில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். சரோஜினிதேவி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, தகப்பனின் சாம்பலை ஊர்காவற்றுறைக் கடலில் கரைக்க வேண்டாம், அம்மாவை எரித்த நெடுந்தீவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு துறைக்கு நடந்தாள்.